கேஸ் மேனேஜர் பேசுகிறேன்

அன்றைக்கு எனக்கு இருந்த வேலை ஒரே ஒரு போன்கால்.

மந்தைவெளியில் ஏகாம்பரம் என்று ஒரு பேஷண்ட். ஐம்பதைத் தாண்டியவர். பிரஷர். இரண்டு தடவை செக்கப்புக்கு வரவில்லை. அவரைக் கூப்பிட்டு, ஏன் சார் வரவில்லை, மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா, நாளைக்கு வந்துவிடுங்கள் என்று சொல்ல வேண்டும். டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும் என்று நினைத்து, டீயை மேஜைமேல் மூடி வைத்தேன்.

நான் நர்ஸ். மயிலாப்பூர் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் புறநோயாளிகள் பிரிவில் இருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை உள்பக்கமிருந்து பார்த்த முதல் ஆள் நான்தான். அதனால் எனக்கு எதைப் பார்த்தாலும் பயம். கையெழுத்துப் போடப் பயம், லீவு கேட்கப் பயம், லிஃப்டில் டாக்டர் ஏறினால் பயம்.

எங்கள் ஆஸ்பத்திரியில் சமீபத்தில் ஒரு திட்டம் வந்தது. பிரஷர் பேஷண்ட்டுகளை டாக்டர் பார்ப்பது ஐந்து நிமிஷம். மாத்திரை சாப்பிட்டாரா, ஏன் நிறுத்தினார், ஊறுகாயை விட்டாரா, விட்டதாகப் பொய் சொல்கிறாரா என்பதையெல்லாம் விடாமல் பின்தொடர்ந்து கவனிப்பது நர்ஸ். ஒவ்வொரு நர்ஸுக்கும் இத்தனை பேஷண்ட் என்று பிரித்துக் கொடுத்தார்கள். நல்ல திட்டம். அதைக் கிண்டல் செய்ய எனக்கு மனசு வராது.

எங்களுக்கு வைத்த பெயரைக் கிண்டல் செய்ய நிறையவே மனசு வருகிறது.

கேஸ் மேனேஜர்.

நர்ஸ் என்று சொன்னால் ஊசி போடத்தான் லாயக்கு என்று ஜனங்கள் நினைப்பார்களாம். அட்மின் சார் சொன்னார். ஜனங்கள் நினைக்கிறார்களோ இல்லையோ, அட்மின் சார் நினைக்கிறார் என்பது தெரிந்தது. வெள்ளை யூனிஃபார்மைக் கழற்றச் சொல்லிவிட்டு கறுப்பு பேன்ட், வெளிர்நீல முழுக்கைச் சட்டை கொடுத்தார்கள். கழுத்தில் ஒரு கார்டு. அதில் கேஸ் மேனேஜர் என்று தமிழில் கொட்டை எழுத்தில் இருக்கும். ஆஸ்பத்திரி பெயர் கீழே, எறும்பு படிக்கிற சைஸில்.

வெளியே கிண்டல் செய்தாலும் உள்ளே எனக்குப் பெருமைதான். அப்பா தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பார்சல் கட்டுகிறார். என் கார்டை போட்டோ எடுத்துக்கொண்டு போய் கடையில் எல்லோருக்கும் காட்டியிருக்கிறார். அவருக்குத் தெரிந்த மேனேஜர் எல்லாம் அவரைத் திட்டுகிறவர்கள். நான் யாரைத் திட்டுகிறேன் என்று ஆசையாகக் கேட்டார்.

போனில் எப்படிப் பேச வேண்டும் என்று ட்ரெய்னிங் கொடுத்தார்கள். முதலில் கேஸ் மேனேஜர் என்று அறிமுகம். எதிரில் பேசுகிறவர் பேஷண்ட்தான் என்று உறுதியாகிறவரை ஆஸ்பத்திரி பெயரைச் சொல்லக் கூடாது. நோயைச் சொல்லக் கூடாது. மாத்திரை என்ற பேச்சே எடுக்கக் கூடாது. எங்கேயோ ஒரு நர்ஸ், போனை எடுத்த வருங்கால மாமனாரிடம் மாப்பிள்ளையின் சுகரைப் பற்றிச் சொல்லி நிச்சயதார்த்தமே நின்றுபோனதாம். மற்ற நர்ஸுகள் சிரித்தார்கள். நான் அந்த மாப்பிள்ளையை நினைத்து ஒரு வாரம் கவலைப்பட்டேன்.

அந்தக் கவலையோடுதான் ஏகாம்பரம் வீட்டு நம்பரை அழுத்தினேன்.

எடுத்தது ஒரு பெண்குரல். பின்னால் பெரிய பாத்திரம் எதையோ தேய்க்கிற சத்தம். ஏகாம்பரம் சார் இருக்கிறாரா, கேஸ் மேனேஜர் பேசுகிறேன் என்றேன்.

தேய்க்கிற சத்தம் நின்றது.

"எந்த மேனேஜரு?"

"கேஸ் மேனேஜர்மா."

போனைக் கையால் பொத்துவது கேட்டது. உள்ளே யாரோ யாரையோ அதட்டினார்கள். பிறகு அதே குரல், ஆனால் இப்போது அதில் கால் கிலோ சர்க்கரை. அவர் வெளியே போயிருக்கிறார், நான் அவர் சம்சாரம் கஸ்தூரி, என்ன விஷயம் என்றது.

சார் இரண்டு தடவை வர வேண்டியது, வரவில்லை, நேரில் பார்த்துப் பேச வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அதற்கு கஸ்தூரியம்மா, நாங்கள் எல்லாம் ஒழுங்காகத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறோம், ஒரு தப்பும் இல்லை என்றார்கள். எனக்கு ஆச்சரியம். நான் மாத்திரை என்ற சொல்லை வாயிலேயே விடவில்லை. அவர்களே புரிந்துகொண்டுவிட்டார்கள். விவரமான குடும்பம்.

"எத்தனை எடுக்கறீங்க?"

"மாசத்துக்கு ஒண்ணுதாங்க. சத்தியமா."

டாக்டர் அவருக்கு எழுதிக் கொடுத்தது காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று.

"மாசத்துக்கு ஒண்ணா? தினம் ரெண்டு இல்லையா?"

"தினம் ரெண்டா? எந்தப் பாவி அப்படிச் சொன்னது? முகூர்த்த நாள்ல மட்டும் ரெண்டு மூணு ஆவும்ங்க. மத்த நாள்ல கையாலகூடத் தொடறதில்ல."

நன்றி சொல்லி வைத்தேன். நேராக டாக்டர் மேடத்திடம் ஓடினேன். ஏகாம்பரம் சார் முகூர்த்த நாளில் மட்டும் இரண்டு மூன்று மாத்திரை சாப்பிடுகிறார், மற்ற நாளில் தொடுவதே இல்லை என்றேன்.

டாக்டர் மேடம் கண்ணாடியைக் கழற்றினார். தலை வலித்தால் மட்டும் சாப்பிடுகிறவரைப் பார்த்திருக்கிறார். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே அட்டையைப் பங்கு போட்டுக்கொள்வதைப் பார்த்திருக்கிறார். பஞ்சாங்கம் பார்த்துச் சாப்பிடுகிறவர் இதுதான் முதல் தடவை என்றார். வளர்பிறை முகூர்த்தத்துக்கா, தேய்பிறைக்குமா என்று கேட்டார்.

அது கிண்டல் என்று தெரியாமல், கேட்டுச் சொல்கிறேன் மேடம் என்றேன்.

அப்புறம் அவர் முகம் மாறியது. ஏகாம்பரம் கடைசியாக வந்தபோதே பிரஷர் ஏகத்துக்கு இருந்ததாம். அட்மிட் ஆகச் சொன்னதற்கு, வேலை இருக்கிறது என்று எழுந்து போனவராம். இப்படியே விட்டால் ஒரு நாள் மூளையில் நரம்பு வெடிக்கும், இல்லையென்றால் ஒரு பக்கம் கை கால் போகும், இன்றைக்கே அவரிடம் பேசு, அவரிடம் மட்டும் பேசு என்றார்.

திரும்பக் கூப்பிட்டேன். இந்தத் தடவை ஆண்குரல். ஏகாம்பரம் சாரா என்றேன். யார் என்றார். கேஸ் மேனேஜர் என்றேன். உள்ளே திரும்பி யாரிடமோ கிசுகிசுத்தார். பிறகு, தான் ஏகாம்பரத்தின் மச்சான், ஏகாம்பரம் காஞ்சிபுரம் போயிருக்கிறார், வர நாளாகும் என்றார்.

மச்சானிடம் நோயைச் சொல்லக் கூடாது. ஆனால் மூளை நரம்பு வெடிக்கிற சத்தம் என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. விதியை மீறி ஒரே ஒரு சொல்லை விட்டேன். அவருடைய பிரஷர் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றேன்.

"பிரஷரா? பிரஷர்லாம் சூப்பரா கீது மேடம். நல்லா எரியுது."

"எரியுதா? எங்க?"

"மூணுத்துலயும் எரியுது."

நெஞ்சு, வயிறு, கண் என்று மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். எப்படி எரிகிறது என்று கேட்டேன்.

"திகுதிகுன்னு எரியுது. நடுவுல கீறதுதான் நேத்து மக்கர் பண்ணிச்சு. ஊசி போட்டேன், சரியா ஆயிடுச்சு."

"யார் ஊசி போட்டது?"

"நான்தான் மேடம். இதுக்கு வேற ஆளா கூப்புடுவாங்க?"

நெஞ்சின் நடுவில் எரிச்சல். மச்சான் கையால் ஊசி. நான் எழுந்து நின்றுவிட்டேன். அந்த நிலையிலும் என் மூளை ஒரு துப்பறியும் வேலை செய்தது. காஞ்சிபுரத்தில் இருக்கிறவருக்கு நேற்று இவர் எப்படி ஊசி போட்டார்? ஆகவே ஏகாம்பரம் வீட்டில்தான் ஒளிந்திருக்கிறார். கண்டுபிடித்துவிட்டேன் என்று பெருமை வேறு.

இப்போதே வீட்டுக்கு வருகிறேன் என்றேன். நெஞ்செரிச்சல் உள்ளவர் கனமான எதையும் தூக்கக் கூடாது இல்லையா? அதையும் கண்டிப்பான குரலில் சொன்னேன்.

"நான் வர்ற வரைக்கும் எதையும் தூக்கக் கூடாது. எல்லாம் அப்படியே இருக்கணும்."

போன் கட் ஆனது.

டாக்டர் மேடத்திடம் சொன்னேன். போய்ப் பார்த்துவிட்டு அங்கிருந்து உடனே பேசு என்றார். பிரஷர் பார்க்கிற கருவியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். மந்தைவெளி நடக்கிற தூரம்தான். நான் நடக்கவில்லை. பேன்ட் போட்டது அன்றைக்கு ஒரு விஷயத்துக்கு உதவியது, ஓட முடிந்தது.

சந்துக்குள் மாடி வீடு. முதல் மாடி ஜன்னலுக்குக் கீழே ஒரு தகரப் பலகை. ஏகாம்பரம், சமையல் கான்ட்ராக்டர், கல்யாணம், சீமந்தம், அறுபதாம் கல்யாணம். ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரில் அவருக்குச் சொந்தத் தொழில் என்று மட்டும் போட்டிருந்தது. ஓ, கல்யாணச் சமையலா, அதனால்தான் முகூர்த்த நாள் ஞாபகம் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அதற்கு மேல் என் மூளை நகரவில்லை.

கேட்டைத் திறந்ததும் கீழ்வீட்டு மாமி, வீட்டுச் சொந்தக்காரர், வெளியே வந்தார். என் சட்டையைப் பார்த்தார். கார்டைப் பிடித்து இழுத்துப் படித்தார். என் கழுத்தும் கூடவே போனது.

"கேஸ்காராளா? வாங்கோ வாங்கோ. சிலிண்டர் பதிஞ்சு எவ்வளவு நாளாச்சு. ஆத்துல இண்டக்‌ஷன் அடுப்புல தாளிச்சுண்டு உக்காந்திருக்கேன்."

"நான் அந்த கேஸ் இல்ல மாமி."

மாமி குரலைத் தாழ்த்தினார். "அப்போ கோர்ட் கேஸா? மாடியாத்து ஏகாம்பரத்து மேலயா? நேக்கு அப்பவே தெரியும்."

அதுவும் இல்லை என்றேன். நோயைச் சொல்லக் கூடாது, ஆஸ்பத்திரியைச் சொல்லக் கூடாது. மாமி யோசித்தார். பிறகு இரக்கத்தோடு என் வயிற்றைப் பார்த்து, அப்படியென்றால் வாயுத் தொல்லையா, எங்காத்து மாமாவுக்கும் கேஸ்தான், ஓமத்தண்ணி தரட்டுமா என்றார்.

அப்போது வீட்டின் பின்பக்கமிருந்து டங் என்று ஒரு சத்தம். இரும்பில் இரும்பு மோதுகிற சத்தம். இன்னொரு டங்.

சிலிண்டர், கோர்ட், வாயு. மூன்றும் கேஸ். நான்காவது கேஸ் நான்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. போனில் பேசியது முழுவதும் தலைக்குள் ஒரு தடவை திரும்ப ஓடியது. மாசத்துக்கு ஒன்று, சிலிண்டர். முகூர்த்தம் வந்தால் இரண்டு மூன்று, சிலிண்டர். மூன்றிலும் திகுதிகுவென்று எரிகிறது, அடுப்பு. நடுவில் மக்கர் செய்தது நெஞ்சு இல்லை, பர்னர். ஊசி என்றால் பர்னர் ஓட்டையைக் குத்துகிற ஊசி. மச்சான் என்று பேசியதும் ஏகாம்பரமேதான்.

சிவப்பு சிலிண்டர் வீட்டுக்கு, நீல சிலிண்டர் கடைக்கு. வீட்டு சிலிண்டரில் கல்யாணச் சமையல் செய்தால் பிடித்துக்கொண்டு போவார்கள். அப்படிச் செய்கிற ஒரு மனிதரைக் கூப்பிட்டு, கேஸ் மேனேஜர் பேசுகிறேன், தினம் இரண்டு எடுக்கிறீர்களா, இப்போதே நேரில் வருகிறேன், எதையும் தூக்கக் கூடாது என்று மிரட்டியிருக்கிறேன்.

சொன்ன நிமிஷத்திலிருந்து அவர் தூக்கிக்கொண்டிருக்கிறார். பிரஷர் ஏகத்துக்கு இருக்கிற மனிதர். இரண்டு தடவை செக்கப்புக்கு வராதவர். நான் அவருக்கு வைத்தியம் பார்க்க வந்தவள்.

மாமியின் ஓமத்தண்ணியை மறுத்துவிட்டு வீட்டைச் சுற்றிக்கொண்டு ஓடினேன்.

பின்பக்கம் மொட்டை மாடிக்கு ஒரு இரும்புப் படி. அதன் நடுவில் பனியன் நனைந்து உடம்போடு ஒட்டிப்போன ஒரு கனத்த ஆள், தோளில் சிவப்பு சிலிண்டர். ஒரு படி கீழே கஸ்தூரியம்மா, இரண்டு கையாலும் அவரை முதுகில் தள்ளிக்கொண்டிருந்தார். தூக்கியவர் முகம் சிலிண்டருக்குப் போட்டியாகச் சிவந்திருந்தது.

"சார், அதை கீழ வைங்க."

மூன்று பேரும் படியைப் பார்த்தோம். வைக்க இடமில்லை. திரும்ப இறங்கவும் முடியாது. அவருக்கு மூச்சு இழுத்தது. வேறு வழி தெரியாமல் நான் ஏறி, கஸ்தூரியம்மாவைத் தாண்டி, சிலிண்டரின் அடிப்பக்கத்தைப் பிடித்துத் தூக்கிக் கொடுத்தேன். மூன்று பேருமாக அதை மொட்டை மாடியில் கொண்டுபோய் வைத்தோம். சட்டப்படி பார்த்தால் அந்த நிமிஷத்திலிருந்து நானும் உடந்தை.

மாடியில் ஏற்கெனவே சில சிலிண்டர்கள் ஒரு பூப்போட்ட போர்வைக்குள் குடும்பமாக உட்கார்ந்திருந்தன. அவர் அதில் ஒன்றின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார். தான் மச்சான்தான், ஏகாம்பரம் காஞ்சிபுரத்தில் இருக்கிறார், இதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனது என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, அடுத்த மூச்சைத் தேடினார்.

"சார், நான் நர்ஸ்."

"நர்ஸு இன்னாத்துக்கு பேன்ட் போட்டுக்கினு கீது?"

நியாயமான கேள்வி. அட்மின் சார் பதில் சொல்ல வேண்டியது. நான் பையைத் திறந்து பிரஷர் கருவியை எடுத்தேன். வட்டமான டயல், முள், ரப்பர் குழாய், அமுக்குகிற பந்து. அதைப் பார்த்ததும் அவருக்கு இருந்த கொஞ்ச நஞ்ச சந்தேகமும் தீர்ந்துவிட்டது. எழுந்து, தான் உட்கார்ந்திருந்த சிலிண்டரின் தலையைத் துடைத்து, எனக்கு வழிவிட்டு நின்றார்.

"இதுல மாட்டு மேடம். பிரஷர் கரெக்டா கீதா இல்லியா, நீயே பாத்துக்கோ."

நான் பட்டையை அவர் கையில் சுற்றினேன். தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தேன். அவர் கையைப் பார்த்தார், சிலிண்டரைப் பார்த்தார், மறுபடியும் கையைப் பார்த்தார். கஸ்தூரியம்மாவுக்குத்தான் முதலில் உறைத்தது.

"ஏம்மா, நீ ஆஸ்பத்திரியா?"

ஆமாம் என்றேன்.

அடுத்து வந்ததை எல்லாம் எழுத முடியாது. சுருக்கமாக, ஆஸ்பத்திரி என்று முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு வாய் காபி கொடுத்து அனுப்பியிருப்பேனே, என் புருஷனைச் சாகடிக்கவா பார்த்தாய், உனக்கு யார் மேனேஜர் என்று பெயர் வைத்தது, அவனைக் கூட்டிக்கொண்டு வா என்றார். கடைசிக் கோரிக்கை எனக்கும் உடன்பாடுதான்.

பிரஷர் பார்ப்பதற்கு முன்னால் ஐந்து நிமிஷம் பேசாமல், பதறாமல், அமைதியான சூழ்நிலையில் உட்கார வேண்டும் என்று படித்திருக்கிறேன். அவர் பேசவில்லை. சூழ்நிலை நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தது. நானே கைகூப்பிக் கேட்டுக்கொண்ட பிறகு கஸ்தூரியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

டயலில் முள் இருநூறுக்கு மேல் நின்றது. சிலிண்டர் தூக்கினவருக்கு ஏறத்தான் செய்யும் என்று காத்திருந்து மறுபடி பார்த்தேன். பெரிதாக இறங்கவில்லை. தலை வலிக்கிறதா என்று கேட்டேன். காலையிலிருந்தே பின்மண்டை விண் விண் என்று தெறிக்கிறதாம். அது என் போனுக்கு முன்பே வந்த வலி. எனக்கு அதில் ஒரு அற்ப சந்தோஷம் வந்ததை ஒப்புக்கொள்கிறேன்.

மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்றேன். நிறுத்திவிட்டேன் என்றார். ஏன் சார் என்றேன். பொண்டாட்டி முகத்தையும் மாடிச் சுவரையும் பார்த்தார். கஸ்தூரியம்மா தண்ணீர் கொண்டுவரக் கீழே போனதும்தான் சொன்னார். அந்த மாத்திரை போட்டால் அடிக்கடி ஒன்றுக்கு வருகிறது. ஒரு பக்கம் எண்ணெய் காய்கிறது, ஒரு பக்கம் ரசம் கொதிக்கிறது, பந்தியில் ஆள் உட்கார்ந்தாயிற்று.

"கரண்டியப் போட்டுட்டு நான் ஓடிக்கினே இருந்தா, கைகூட கழுவல போலன்னு பொண்ணு வூட்டுக்காரன் நெனைக்க மாட்டான்? தொழிலே போயிரும் மேடம். லேடி டாக்டராண்ட இத எப்டி சொல்றது?"

என்னிடம் சொன்னதற்குக் காரணம் நான் பேன்ட் போட்டிருந்ததாக இருக்கலாம்.

டாக்டர் மேடத்துக்குப் போன் செய்தேன். முகூர்த்தக் கணக்கை விளக்க இப்போது நேரமில்லை என்று சொல்லிவிட்டு, அளவையும் தலைவலியையும் சொன்னேன். மாத்திரைக்கு வேறு வழி இருக்கிறது, மாற்றிக்கொள்ளலாம், முதலில் ஆளை இப்போதே ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வா, ஒரு நிமிஷம்கூடத் தள்ளாதே என்றார்.

ஏகாம்பரம் வர முடியாது என்றார். சாயங்காலம் வடபழனியில் ஒரு ரிசப்ஷன். காய்கறி போய் இறங்கிவிட்டது. அவர் போகாவிட்டால் சாப்பாடு இல்லை.

தண்ணீரோடு வந்த கஸ்தூரியம்மா, நான் போய்ப் பார்த்துக்கொள்கிறேன், சாம்பார் வைக்க எனக்குத் தெரியாதா என்றார்.

"அதான் பயமே" என்றார் ஏகாம்பரம்.

நான் மூளையில் ரத்தம் கசிவதைப் பற்றிச் சொன்னேன். தலையை ஆட்டினார். கை கால் விழுந்துவிடும் என்றேன். முகூர்த்தம் முடியட்டும், வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றார். உங்களுக்குப் பிறகு இந்த அம்மா கதி என்ன என்றேன். கஸ்தூரியம்மா கண்ணைத் துடைத்தார். ஏகாம்பரம் எழுந்து சட்டையைத் தேடினார், வடபழனிக்குக் கிளம்ப.

இந்த மனிதருக்குச் சாவைப் பற்றி ஒரு பயமும் இல்லை. அரை மணி நேரத்துக்கு முன்னால் கேஸ் கம்பெனிக்குப் பயந்து முழு சிலிண்டரைத் தோளில் வைத்து மாடி ஏறியவர், தலை வெடிக்கும் என்றால் வெள்ளிக்கிழமை பார்க்கலாம் என்கிறார்.

நான் பொய் சொல்ல மாட்டேன். எனக்கு அது வராது, முகத்தில் தெரிந்துவிடும். அதனால் உண்மையையே சொன்னேன். பூப்போட்ட போர்வையின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு.

"சார், இதுக்குள்ள எத்தனை இருக்குன்னு நான் இன்னும் எண்ணல."

அவர் சட்டையில் பாதி நுழைந்தபடி நின்றார்.

"நீ நர்ஸுன்னு சொன்னியே."

"நர்ஸ்தான் சார். கார்டுல என்ன எழுதியிருக்கு, படிங்க."

படித்தார். போர்வையைப் பார்த்தார். மறுபடியும் படித்தார். சட்டையின் அடுத்த கையை மாட்டிக்கொண்டு, ஆட்டோவுக்குச் சொல்லு கஸ்தூரி என்றார்.

கேட்டில் மாமி நின்றிருந்தார். ஏகாம்பரத்தை நான் கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றுவதைப் பார்த்துவிட்டு, உள்ளே திரும்பி, அழைச்சுண்டு போறா பாருங்கோ என்று மாமாவுக்கு நேரடி வர்ணனை கொடுத்தார். பேஷண்ட்டின் நோய் கடைசிவரை வெளியே தெரியாமல் காப்பாற்றினேன். தெருவில் அவரைக் கைது செய்துவிட்டார்கள் என்று மட்டும் பேச்சு.

ஆஸ்பத்திரியில் அவரை இரண்டு நாள் வைத்துக்கொண்டார்கள். இன்னும் ஒரு முகூர்த்தம் தாங்கியிருக்க மாட்டார் என்று டாக்டர் மேடம் என்னிடம் தனியாகச் சொன்னார். மாத்திரையை மாற்றி, ஒன்றுக்கு ஓட வைக்காத ஒன்றைக் கொடுத்தார். ரிசப்ஷன் சமையலைக் கஸ்தூரியம்மா நடத்தினார். சாம்பார் பிரமாதம் என்று பெண் வீட்டுக்காரர்கள் போன் செய்து சொன்னார்களாம். படுக்கையில் இருந்தவருக்கு பிரஷர் இறங்கிக்கொண்டிருந்த நேரம் அது. அந்தச் செய்தியை நான்தான் ஒரு நாள் தள்ளிச் சொல்லச் சொன்னேன்.

நடந்ததை ஒன்று விடாமல் எழுதி, பெயரை மாற்றும்படி அட்மினுக்குக் கொடுத்தேன். அட்மின் சார் கூப்பிட்டு அனுப்பினார். கார்டு எல்லாம் அடித்தாகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்றார். வேண்டுமானால் போனில் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லலாமே என்று யோசனை சொன்னார்.

"வெறும் கேஸ் மேனேஜர்னு சொன்னாதான் குழப்பம். பிரஷர் கேஸ் மேனேஜர்னு முழுசா சொல்லுங்க."

சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். இப்போது போனில் நர்ஸ் பேசுகிறேன் என்றுதான் சொல்கிறேன். அட்மின் சாருக்குத் தெரியாது.

ஏகாம்பரம் அடுத்த செக்கப்புக்குச் சொன்ன தேதியில், சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். மாத்திரை அட்டையைக் கேட்காமலேயே நீட்டினார். ஒன்றுகூடத் தவறவில்லை. பிரஷர் பார்த்தேன். டாக்டர் மேடத்தையே கூப்பிட்டுக் காட்டுகிற அளவுக்கு நன்றாக இருந்தது.

சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, அக்கம்பக்கம் பார்த்து, என் பக்கம் சாய்ந்தார்.

"மேடம், நீல சிலிண்டர் கனெக்‌ஷனுக்கு எழுதிப் போட்டுக்கீறேன். நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா சீக்கிரமா குடுத்துருவான்."

நான் நர்ஸ் சார் என்றேன். தெரியும் மேடம், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று கண்ணைச் சிமிட்டினார்.

அவருக்கு பிரஷர் இறங்கிவிட்டது, என் மேல் இருக்கிற சந்தேகம் மட்டும் இறங்கவில்லை. அதற்கு நான் மருந்து கொடுப்பதாக இல்லை.